மார்கரெட் கசின்ஸ் அம்மையாரும் வடசென்னைப் பெண்டிரும்

கல்லூரி விழா எதுவாயினும் இறுதியில் நாட்டுப்பண் ஒலிக்கும். அவையோர் எழுந்து நிற்பர். 52 விநாடிகளில் அது நிறைவுறும். அந்த 52 விநாடிகளின் வரலாற்றில் அயர்லாந்து நாட்டுப் பெண்மணி ஒருவருக்கும் பங்குண்டு என்பதைப் பொது அறிவு வினா விடை நூல்கள் வாயிலாக நம் மாணவர் சிலர் அறிந்துள்ளனர். "நாட்டுப்பண்ணுக்கு இசை அமைத்தவர் யார்?" என்று வகுப்பில் வினவினால் "மார்கரெட் கசின்ஸ்" என்று ஒரு குரலேனும் எழும். அவ்விடையில் பாதி பிழை. அப்பிழையினும் பெரிது, அவ்விடை சொல்லாமல் விட்ட செய்தி. அச்செய்தி நம் வடசென்னைப் பெண்களின் வாழ்வோடு தொடர்புடையது என்பதால் இம்மலரில் அதனை எழுதத் துணிந்தேன்.

பிழையை முதலில் களைவோம். 'ஜன கண மன' பாடலை இரவீந்திரநாத் தாகூர் 1911-இல் இயற்றினார். அதன் மெட்டும் அவருடையதே. 1919 பிப்ரவரியில் அவர் மதனப்பள்ளி பிரம்மஞான சபைக் கல்லூரிக்கு வந்து தங்கினார். அக்காலத்தில் மதனப்பள்ளி சென்னை மாகாணத்தைச் சார்ந்த ஊர். கல்லூரியின் முதல்வர் ஜேம்ஸ் கசின்ஸ் என்னும் அயர்லாந்துக் கவிஞர். அவர்தம் துணைவியாரே மார்கரெட். மாணவரும் ஆசிரியரும் கூடிய மாலை இசையரங்கு ஒன்றில் தாகூர் இப்பாடலைத் தாமே பாடினார். கேட்டவர் உள்ளம் நெகிழ்ந்தனர். தாகூர் அங்கிருந்தவாறே அதனை ஆங்கிலத்தில் பெயர்த்து, 'இந்தியாவின் காலைப் பாடல்' எனப் பொருள்படும் தலைப்பையும் இட்டார். அம்மையார் அம்மெட்டைக் கேட்டு, மேலை நாட்டு ஐந்து கோட்டுக் குறிப்பு முறையில் தாளில் எழுதினார். 1950 சனவரி 24-ஆம் நாள் அரசியல் நிர்ணய சபையில் இப்பாடல் நாட்டுப்பண்ணாக அறிவிக்கப்பட்டது.

ஆகவே அம்மையார் இசையமைத்தவர் அல்லர். இசையை எழுதி வைத்தவர். இதனால் அவர் பெருமை குறைந்துவிடுமோ என்று எவரும் அஞ்ச வேண்டுவதில்லை. தமிழ்த்துறையைச் சார்ந்த நமக்கு எழுதி வைத்தலின் அருமை நன்கு தெரியும். ஓலையில் கிடந்ததைத் தாளில் பெயர்த்து எழுதியவர்கள் இலரேல் நாம் பாடம் சொல்ல எந்தச் சங்க நூல் எஞ்சியிருக்கும்? நம் நாட்டு இசையின் அசைவுகளும் இழைவுகளும் மேலைக் குறிப்பில் எளிதில் அடங்குவன அல்ல. பயிற்சியும் பணிவும் உடைய செவியே அவற்றைப் பிடிக்கும்.

இசையைப் பற்றி நம் சமுதாயத்தில் இருவேறு கருத்துகள் உண்டு. அவ்வாதத்திற்குள் நான் புகவில்லை. ஒன்று மட்டும் சொல்லலாம். நம் இராயபுரத்து மண்ணிலே அடங்கியிருப்பவர் குணங்குடி மஸ்தான் சாகிபு (1792-1838). தொண்டியிலிருந்து வந்த அவரைத் தொண்டியார் என்று மக்கள் அழைத்தமையால் தண்டையார்பேட்டைக்கு அப்பெயர் வந்தது என்பர். அவர் பாடல்களை ஓதுவோரும் பாடுவோரும் இன்றும் உளர். நாகூர் ஈ.எம். ஹனீபாவின் குரல் நுழையாத முஸ்லிம் இல்லமும் வடசென்னையில் அரிது. பாட்டு ஒரு கூட்டத்தை ஒன்றாக்கும் வன்மையுடையது என்பதை நாம் நூல் படித்து அறிய வேண்டிய நிலையில் இல்லை. அம்மையாரின் வாழ்க்கையிலும் அவ்வன்மையே முதலில் நிற்கிறது.

மார்கரெட் கில்லெஸ்பி 1878-இல் அயர்லாந்தின் ராஸ்காமன் பகுதியிலுள்ள பாய்ல் என்னும் சிற்றூரில் பிறந்தார். டப்ளின் நகரில் இசை பயின்று 1902-இல் இசையில் பட்டம் பெற்றார். மழலையர்க்கு இசை கற்பித்தார். 1903-இல் திருமணம். அமைதியான இசை ஆசிரியையாகவே அவர் வாழ்ந்து மறைந்திருக்கலாம். ஆயின் பெண்களுக்கு வாக்குரிமை இல்லை என்னும் ஒரு செய்தி அவரை அமைதியாக இருக்க விடவில்லை. 1908-இல் ஹன்னா ஷீஹி ஸ்கெஃபிங்டன் முதலியோருடன் இணைந்து அயர்லாந்துப் பெண்கள் வாக்குரிமைச் சங்கத்தைத் தொடங்கினார். 1910-இல் இலண்டன் சென்று, பிரதமரிடம் தீர்மானம் அளிக்கச் சென்ற பெண்கள் அணியில் கலந்துகொண்டார். அவ்வணியினரைக் காவலர் தாக்கினர். 119 பேர் கைதாயினர். எஞ்சியோர் அமைச்சர்களின் இல்லச் சன்னல்களை உடைத்தனர். அதற்காக ஹாலோவே சிறையில் அம்மையாருக்கு ஒரு திங்கள் தண்டனை. 1913-இல் டப்ளின் கோட்டைச் சன்னல்களை உடைத்தமைக்காக மீண்டும் ஒரு திங்கள், இம்முறை டலமோர் சிறையில். அங்கே அரசியல் கைதிக்குரிய மதிப்பு வேண்டி உண்ணாநோன்பு இருந்தார்.

பியானோவில் பழகிய விரல்கள் கல்லெறிந்தன என்று எழுதுவது கவர்ச்சியாக இருக்கும். ஆனால் அம்மையாரின் இந்திய வாழ்வில் அக்கல்லெறிதலுக்கு இடமே இருக்கவில்லை. இங்கே அவர் கையாண்டவை மனு, கூட்டம், தீர்மானம், நடவடிக்கைக் குறிப்பேடு ஆகியனவே. போராட்ட வரலாறு எழுதுவோர் சிறையையும் கல்லையும் விரும்பி எழுதுவர். குறிப்பேட்டை எழுத மாட்டார். எனக்கோ அக்குறிப்பேடே வியப்பளிக்கிறது.

1915-இல் கசின்ஸ் இணையர் சென்னைக்கு வந்தனர். அன்னி பெசன்ட் அம்மையாரின் 'நியூ இந்தியா' நாளிதழில் ஜேம்ஸ் பணியேற்றார். 1916-இல் அயர்லாந்தில் எழுந்த ஈஸ்டர் கிளர்ச்சியைப் புகழ்ந்து எழுதியமையால் அப்பணி போயிற்று. பின்னரே மதனப்பள்ளி. 1917-இல் அடையாற்றில் இந்திய மாதர் சங்கம் தோன்றியது. பெசன்ட் தலைவர், மார்கரெட் கசின்ஸ், டாரதி ஜினராஜதாசா ஆகியோர் அதனை உருவாக்கிய முதன்மையர். 'ஸ்திரீ தர்மம்' என்னும் இதழும் அச்சங்கத்தின் சார்பில் வெளிவந்தது.

அவ்வாண்டு டிசம்பரில் நிகழ்ந்ததுதான் இவ்வரலாற்றின் திருப்பம். இந்தியாவுக்கு அளிக்கவேண்டிய அரசியல் சீர்திருத்தம் பற்றி ஆராய இந்திய அமைச்சர் மாண்டேகு வந்திருந்தார். அவரைக் கண்டு பெண்கல்விக்கு வசதி வேண்டும் என்று முறையிட அம்மையார் அனுமதி கேட்டு எழுதினார். கல்வி பற்றிய தூதுக்குழுக்களை அமைச்சர் காண்பதில்லை, அரசியல் பற்றிய குழுக்களை மட்டுமே காண்பார் என்று மறுமொழி வந்தது. வேறொருவராயின் அம்மடலை மடித்து வைத்துவிட்டு ஓய்ந்திருப்பர். அம்மையார் மனுவை மாற்றி எழுதினார். கல்வி கேட்கக் கூடாதென்றால் வாக்குரிமையையே கேட்போம் என்று துணிந்தார். மக்கள் என்னும் சொல்லில் பெண்களும் அடங்குவர் எனக் கொள்ள வேண்டும், வாக்குரிமை விதிகளில் பெண் என்பது ஒரு தகுதிக்குறையாக எழுதப்படக் கூடாது என்பது அம்மனுவின் சாரம். சரோஜினி நாயுடு தலைமையில் சென்னையில் அக்குழு அமைச்சரைக் கண்டது.

அக்குழுவில் இடம்பெற்றிருந்த ஒரு பெயரை நம் மாணவியர் நினைவிற் கொள்ள வேண்டும்: பேகம் ஹஸ்ரத் மோகானி. உருதுக் கவிஞரும், 1921-இல் முழு விடுதலைத் தீர்மானத்தைக் காங்கிரசு மாநாட்டில் முன்மொழிந்தவருமான மௌலானா ஹஸ்ரத் மோகானியின் துணைவியார் அவர். கணவர் சிறைப்பட்ட காலங்களில் திரை நீக்கி வெளிவந்து பொதுப்பணி ஆற்றியவர். இந்தியப் பெண்கள் முதன்முதலாக வாக்குரிமை கேட்டபோது அக்குரலில் ஒரு முஸ்லிம் பெண்ணின் குரலும் கலந்திருந்தது. இச்செய்தியை நம் மேடைகளில் நான் அதிகம் கேட்டதில்லை.

கேட்டவுடன் கிடைத்துவிடவில்லை. வாக்குரிமை பற்றி ஆராய்ந்த சவுத்பரோ குழு, இந்தியச் சமூக நிலையில் பெண்களுக்கு வாக்குரிமை அளிப்பது காலத்துக்கு முந்திய செயல் என்று கருதியது. 1919-ஆம் ஆண்டுச் சட்டம் முடிவை மாகாணச் சட்டமன்றங்களிடம் விட்டது. 1921-இல் சென்னைச் சட்டமன்றம் பெண் என்னும் தடையை நீக்கித் தீர்மானம் நிறைவேற்றியது. மாகாணங்களுள் சென்னையே முதலாவது. நீதிக்கட்சி ஆட்சிக்காலத்தில் நிகழ்ந்த செயல் இது.

இங்கேதான் நாம் சற்று நிற்க வேண்டும். பெருமையோடு சொல்லப்படும் அந்த 1921 வாக்குரிமை யாருக்குக் கிடைத்தது? சொத்துடையோர்க்கும் வரி செலுத்துவோர்க்கும் மட்டுமே அக்காலத்தில் வாக்கு. பெண் என்னும் தடை நீங்கிற்று; ஏழை என்னும் தடை நீங்கவில்லை. தன் பெயரில் வீடோ நிலமோ உடைய பெண்கள் அன்று எத்தனை பேர்? காசிமேட்டுக் கரையில் மீன்கூடை சுமந்தவருக்கு அதில் பங்கில்லை. துறைமுகத்தில் மூட்டை தூக்கியவரின் மனைவிக்கும் இல்லை. மூட்டை தூக்கியவருக்கே இல்லாதபோது மனைவிக்கு எங்ஙனம் இருக்கும்? பெரம்பூர் ஆலைக்குச் சோறு கட்டி அனுப்பிய பெண்ணுக்கும் இல்லை.

அதே 1921-இல்தான் பக்கிங்காம், கர்நாடிக் ஆலைகளில் திங்கள் பல நீண்ட வேலைநிறுத்தம் நடந்தது. துப்பாக்கிச் சூடு நிகழ்ந்து உயிர்களும் போயின. அவ்வாலைத் தொழிலாளர்க்கெனச் சென்னைத் தொழிலாளர் சங்கம் 1918-இல் தோன்றியபோது அதன் தலைவர் பி.பி. வாடியா, உடனிருந்தவர் திரு.வி.க. வாடியாவும் அடையாற்றுப் பிரம்மஞான சபையிலிருந்து வந்தவரே. ஒரே தோட்டத்திலிருந்து ஒருவர் வடக்கே ஆலை வாயிலுக்கு வந்தார்; ஒருவர் சட்டமன்ற வாயிலுக்குச் சென்றார். இவ்விரு வழிகளும் அன்று ஒன்றாகக் கூடவில்லை. கூடியிருப்பின் வடசென்னைப் பெண்டிரின் வரலாறு வேறாக அமைந்திருக்கலாம் என்று எண்ணுகிறேன். திரு.வி.க. ஒருவரே இரண்டையும் தம்மில் ஏந்த முயன்றவர். தொழிலாளர் மேடையில் நின்ற அவரே 'பெண்ணின் பெருமை'யும் எழுதினார்.

அம்மையார்மீது எனக்குள்ள குறையையும் மறைக்காமல் கூறிவிடுகிறேன். அவர் கண்ட இந்தியப் பெண்மையின் வடிவம் பெரிதும் பழம்பெரும் நூல்களிலிருந்தும் படித்த உயர்குடும்பங்களிலிருந்தும் எடுக்கப்பட்டது. இதழுக்கு வைத்த பெயரே அதனைக் காட்டும். உழைக்கும் பெண் அவ்வடிவத்தில் அரிதாகவே தென்படுகிறார். முஸ்லிம் பெண் அதனினும் அரிது. கேத்தரின் மேயோ என்னும் அமெரிக்கப் பெண் எழுத்தாளர் 1927-இல் இந்தியாவை இழிவுபடுத்தி நூல் எழுதியபோது அதனைக் கண்டித்தவர்களுள் அம்மையார் ஒருவர். அது பாராட்டத்தக்கது. ஆயினும் வெளியார் இகழ்ந்தால் எதிர்த்து நிற்பதும், உள்ளேயுள்ள குறையை எண்ணிப் பார்ப்பதும் இரண்டு வேறு பணிகள். இரண்டாவதை டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி போன்றோர் செய்தனர்.

அம்மையாருக்காக ஒன்று சொல்லவும் வேண்டும். 1921-இல் கிடைத்ததைக் கொண்டு அவர் சார்ந்த அமைப்புகள் நிறைவடைந்து நின்றுவிடவில்லை. 1930-களின் தொடக்கத்தில் புதிய அரசியலமைப்பு பற்றிய பேச்சு எழுந்தபோது, எழுத்தறிவு உடையவள் என்றோ சொத்துடையவனின் மனைவி என்றோ பார்த்துப் பெண்ணுக்கு வாக்களிக்கும் திட்டத்தை மாதர் அமைப்புகள் ஏற்கவில்லை. வயதுவந்த அனைவருக்கும் வாக்கு வேண்டும் என்றே கேட்டன. அரசு அதற்கு இசையவில்லை. 1935-ஆம் ஆண்டுச் சட்டம் அந்த மனைவித் தகுதியையும் எழுத்துத் தகுதியையுமே வைத்தது. காசிமேட்டுப் பெண் மேலும் காத்திருந்தார். 1951-52 பொதுத்தேர்தலில்தான் அவர் கையில் வாக்குச்சீட்டு வந்தது. 1921-க்கும் அதற்கும் இடையே முப்பது ஆண்டுகள்.

அத்தேர்தலிலும் ஒரு வியப்பு நிகழ்ந்தது. வாக்காளர் பட்டியல் எழுதச் சென்றவர்களிடம் பெண்கள் பலர் தம் பெயரைச் சொல்ல மறுத்து, இன்னாரின் மனைவி, இன்னாரின் தாய் என்றே எழுதச் சொன்னார்கள். அத்தகைய ஏறத்தாழ 28 இலட்சம் பதிவுகளைத் தேர்தல் ஆணையம் நீக்கியது. பெரும்பாலும் வட மாநிலங்களில் நிகழ்ந்தது இது. ஆயினும் சொந்தப் பெயரைச் சொல்லவே உரிமை போதாது, பழக்கமும் வேண்டும் என்பதை இது காட்டுகிறது. நம் பக்கத்துத் திருமண அழைப்பிதழ்களில் மணமகளின் தாயார் பெயர் எத்தனையில் இருக்கிறது என்பதைப் பெரியோர்கள் எண்ணிப் பார்க்கலாம்.

அம்மையாரிடம் நான் மிகவும் போற்றும் பண்பு, நாற்காலியை விட்டு எழுந்து பிறர்க்கு அதனைத் தரும் பண்பு. 1926-இல் பெண்கள் சட்டமன்றத்திற்குப் போட்டியிடலாம் என்ற நிலை வந்தவுடன் கமலாதேவி சட்டோபாத்தியாயாவைத் தூண்டி நிறுத்தியவர் அவரே. கமலாதேவி சிறு வேறுபாட்டில் தோற்றார். பெண்களின் அனைத்திந்திய மாநாடு ஒன்றைக் கூட்ட வேண்டும் என்று நாடெங்கும் மடல் எழுதியவரும் அம்மையாரே. 1927 சனவரியில் பூனாவில் அம்மாநாடு கூடியது. மறு ஆண்டு தில்லியில் கூடிய இரண்டாம் மாநாட்டின் தலைமை நாற்காலியில் அமர்ந்தவர் போபால் அரசியாக இருந்த சுல்தான் ஜகான் பேகம். அலிகார் முஸ்லிம் பல்கலைக்கழகத்தின் முதல் வேந்தரும் அவரே. மாநாட்டைத் தொடங்கக் காரணமாயிருந்த அம்மையார் தலைமை ஏற்றது 1936-இல்தான். அதற்குள் பத்தாண்டுகள் கழிந்திருந்தன.

முத்துலட்சுமி ரெட்டி 1927-இல் சென்னைச் சட்டமன்ற உறுப்பினராக நியமிக்கப்பட்டு அதன் துணைத்தலைவரும் ஆனார். இம்மாதர் அமைப்புகளின் உழைப்பே அவ்வாயிலைத் திறந்தது. உள்ளே சென்றவர் தமக்குப் பின்னால் வாயிலை மூடவில்லை. தேவதாசி முறை ஒழிப்புக்கு அவர் ஆற்றிய தொண்டை யாவரும் அறிவர். முஸ்லிம் பெண் பிள்ளைகளுக்கென விடுதி அமையவும் அவர் முயன்று வெற்றி கண்டார் என்பதை நம்மவர் பலர் அறியார். தம் சமயத்தவர் அல்லாத, தமக்கு வாக்களிக்கவும் இயலாத சிறுமியர் தங்கிப் படிக்க ஓரிடம் வேண்டும் என்று ஒரு பெண் உறுப்பினர் கருதினார். ஒரே ஒரு பெண் அவைக்குள் இருந்தமையால் விளைந்த பயன் இது.

அம்மையாருக்கும் ஒரு முதன்மை உண்டு. 1920-களின் தொடக்கத்தில் சென்னையில் அவர் கௌரவ மாஜிஸ்திரேட்டாக நியமிக்கப்பட்டார். இந்தியாவில் அப்பதவி ஏற்ற முதல் பெண் அவரே. இரு நாட்டுச் சிறைகளில் கைதியாக இருந்தவர் நீதி வழங்கும் இருக்கையில் அமர்ந்தார். பின்னர் 1932 டிசம்பரில், அரசின் அடக்குமுறை அவசரச் சட்டங்களை எதிர்த்துப் பொதுக்கூட்டத்தில் பேசியமைக்காக அவரே மீண்டும் கைதியாகி ஓராண்டுத் தண்டனை பெற்று வேலூர்ச் சிறைக்குச் சென்றார். அப்போது அவர் அகவை ஐம்பத்து நான்கு. நம் பிராட்வே பகுதியிலும் ஒரு பழஞ்சிறை இருந்தது. அவ்விடத்தில்தான் 1964-இல் தொடங்கப்பெற்ற பாரதி மகளிர் கல்லூரி நிற்கிறது. பழைய சிறைச்சாலைச் சாலை என்னும் தெருப்பெயரைப் பேருந்துச் சன்னல் வழியே காணும் மாணவியர், சிறைக்கும் மகளிர் கல்லூரிக்கும் உள்ள இத்தொடர்பை அறிவாரோ என்னவோ.

அம்மையார் அமர்ந்த அச்சிறு நீதி இருக்கைக்கும் உச்ச நீதிமன்றத்திற்கும் இடையில் நெடுந்தொலைவு. 1989-இல் அவ்வுச்ச நீதிமன்றத்தின் முதல் பெண் நீதிபதியாக அமர்ந்தவர் பாத்திமா பீவி. அவரே 1997 முதல் 2001 வரை தமிழ்நாட்டின் ஆளுநராகவும் விளங்கினார். பத்தனம்திட்டையில் பள்ளிக்குச் சென்ற ஒரு முஸ்லிம் சிறுமியைச் சட்டம் படிக்க வைத்தவர் அவர்தம் தந்தையார். நம் பெற்றோர் பட்டம் பெற்ற மகளை மேலே படிக்க அனுப்பத் தயங்கும்போது நான் இப்பெயரையே சொல்வது வழக்கம்.

இனி ஒரு கருத்து வேறுபாடு. அம்மையார் சார்ந்த மாதர் அமைப்புகள் 1930-களில் பெண்களுக்கெனத் தனி ஒதுக்கீடு வேண்டாம் என்றன. ஆணோடு சமமாக நின்று வெல்வோம் என்பது அவர்தம் எண்ணம். சமய வாரியான ஒதுக்கீடு நாட்டைப் பிரிக்கும் என்னும் அச்சமும் அதில் இருந்தது. எண்ணம் உயர்ந்தது. ஆனால் அது படித்த, செல்வாக்குடைய பெண்களின் தன்னம்பிக்கையிலிருந்து பிறந்தது என்றே எனக்குத் தோன்றுகிறது. நம் பகுதி கண்ட உண்மை வேறு. ஆர்.கே. நகர்த் தொகுதி சற்குணபாண்டியனை 1989-இலும் 1996-இலும் சட்டமன்றத்திற்கு அனுப்பியது. 2015-இல் முதலமைச்சர் செயலலிதாவையே தேர்ந்தெடுத்தது. இவை ஒதுக்கீடு இன்றியே நிகழ்ந்தவை, மறுக்கவில்லை. ஆனால் அவர்கள் பெரிய கட்சிகளின் பெரிய பெயர்கள். தெருவில் வாழும் பெண் மாமன்றத்தில் அமர்ந்தது உள்ளாட்சி ஒதுக்கீடு வந்த பின்னரே. 2016-இல் தமிழ்நாட்டு உள்ளாட்சிகளில் பெண்களுக்குப் பாதி இடம் என்று சட்டம் ஆயிற்று. 2022-இல் நடந்த தேர்தலில் வடசென்னைத் திரு.வி.க. நகர்ப் பகுதியிலிருந்து வென்ற ஆர். பிரியா, சென்னை மாநகரின் மேயரானார். அப்பதவிக்கு வந்த முதல் தாழ்த்தப்பட்ட சமூகப் பெண் அவரே. தாரா செரியன், காமாட்சி ஜெயராமன் ஆகியோருக்குப் பின் மூன்றாம் பெண் மேயர். முன்னிருவருக்கும் அவருக்கும் இடையே எத்துணை நீண்ட இடைவெளி! கதவு தானே திறக்கும் என்று காத்திருந்தால் அவ்விடைவெளி மேலும் நீண்டிருக்கும்.

ஊராட்சிக்கும் மாநகராட்சிக்கும் பொருந்தும் இச்செய்தி நம் சமுதாய நிறுவனங்களுக்குப் பொருந்தாதா? இவ்வினாவை எழுப்பவே இவ்வளவு நீண்ட வரலாற்றைச் சொன்னேன். கல்வி ஆணுக்கும் பெண்ணுக்கும் கடமை என்று மேடைதோறும் முழங்கும் சமுதாயம் நம்முடையது. முழக்கம் வீண்போகவில்லை. நீதிபதி பஷீர் அகமது சயீது அவர்களின் முயற்சியால் 1955-இல் சென்னையில் முஸ்லிம் நிர்வாகத்தில் மகளிர் கல்லூரியே எழுந்தது. அதற்கும் முன்னர், 1938-இல், நாகூர்ச் சித்தி ஜுனைதா பேகம் 'காதலா கடமையா' என்னும் புதினத்தை எழுதி வெளியிட்டார். தமிழ் நாவல் வரலாறு கற்பிக்கும்போது அவர் பெயரைச் சொல்லாமல் கடந்துபோகும் ஆசிரியர்கள் இன்னும் உளர். அது தனியே எழுதவேண்டிய குறை.

இன்று இராயபுரம், திருவொற்றியூர், எண்ணூர்ப் பகுதிகளிலிருந்து மின்தொடர்வண்டியிலும் பேருந்திலும் வரும் மாணவியர் வகுப்புகளை நிறைக்கின்றனர். சுயநிதிப் பிரிவின் மாலை வகுப்புகளில் அவர்கள் தொகை பெரிது. இவருள் பலர் தம் குடும்பத்தில் கல்லூரி வாயிலை மிதித்த முதல் தலைமுறை. தந்தையர் துறைமுகச் சுமைப்பணியிலும் பட்டறைகளிலும் உழைப்பவர். பரிசுப் பட்டியலில் மாணவியர் பெயர்களே மிகுதி. ஆனால் நானறிந்த கல்வி நிலையங்கள் பலவற்றின் நிர்வாகக் குழுப் பட்டியலை எடுத்துப் பார்த்தால் பெண் பெயர் ஒன்றேனும் காண்பது அரிது. விழா மேடையில் அமர்வோர் வரிசையிலும் அவ்வாறே. பெண்கள் அவையில் அமர்ந்து கைதட்டுகின்றனர். பெண்கல்விக்காகத் தம் பொருளையும் காலத்தையும் ஈந்த பெரியோர்களை நான் குறை கூறவில்லை. அவர்கள் இலரேல் இக்கட்டடங்களே இல்லை. அவர்கள் ஈந்த கல்வியைப் பெற்ற பெண்களிலிருந்தே மருத்துவர், வழக்கறிஞர், பேராசிரியர் எனப் பலர் வந்துள்ளனர். அவருள் இருவரை நிர்வாகக் குழுவில் அமர்த்துங்கள் என்று உரிமையோடு வேண்டுகிறேன். ஒருவரை மட்டும் அமர்த்தினால் அவர் பேசத் தயங்குவார். ஆதலின் இருவர் என்றேன். மாணவியர் விடுதி, கழிப்பிடம், மாலையில் பேருந்து நிறுத்தம் வரை செல்லும் வழியில் விளக்கு, திருமணத்தால் இடைநிற்கும் மாணவியின் படிப்பு ஆகியன பற்றிய பேச்சு அக்குழுவில் அதன் பின்னர் எவ்வாறு மாறுகிறது என்பதை ஓராண்டுக்குள் காணலாம்.

தமிழ்த்துறை மாணவியர்க்கும் ஒரு வேண்டுகோள். கசின்ஸ் அம்மையார் ஒரு மெட்டைத் தாளில் எழுதி வைத்தார். தம் சங்கக் கூட்டங்களையும் எழுதி வைத்தார். தம் வாழ்க்கையைக் கணவரோடு சேர்ந்து ஒரு நூலாகவும் எழுதி 1950-இல் வெளியிட்டார். பக்கவாதத்தால் தளர்ந்திருந்த காலம் அது. சென்னை அரசும் பின்னர்ப் பிரதமர் நேருவும் பொருளுதவி செய்தனர். 1954-இல் அவர் மறைந்தார். எழுதி வைத்தமையால் அவர் செய்ததை நாம் அறிகிறோம். நம் வடசென்னைப் பெண்களைப் பற்றி அவ்வாறு எழுதிவைத்தவர் எவர்? திருவொற்றியூர்த் தீப்பெட்டித் தொழிற்சாலையைச் சூழ்ந்து வாழ்ந்த குடும்பங்களின் கதை, காசிமேட்டு ஏலக்கரைப் பெண்களின் வணிகப் பேச்சு, முதன்முறை வாக்குச்சாவடிக்குச் சென்ற நம் பாட்டிமார் அன்று என்ன உடுத்தினர், யாருடன் சென்றனர், பட்டியலில் தம் பெயரைத் தாமே சொன்னார்களா என்னும் செய்தி ஆகிய யாவும் வாய்மொழியாகவே கிடக்கின்றன. இளநிலை மாணவியர் களப்பணிக்கு ஊர் ஊராகத் தலைப்புத் தேட வேண்டுவதில்லை. ஆளுக்கு ஒரு பாட்டியைத் தேர்ந்துகொண்டு, அவர் சொல்வதை அவர் பேச்சு வழக்கிலேயே ஒரு குறிப்பேட்டில் எழுதித் துறை நூலகத்தில் சேர்க்கலாம். முதல் பொதுத்தேர்தலில் வாக்களிக்க 21 அகவை நிறைந்திருக்க வேண்டும். அன்று வாக்களித்த பெண் எவரேனும் இன்று இருப்பாராயின் அவர் தொண்ணூற்று மூன்று அகவையைக் கடந்திருப்பார். அடுத்த பருவத் தேர்வுக்கு முன்பே இப்பணியைத் தொடங்குதல் நலம்.